பனியைத் திரையாக்கிய பஞ்சாரங்கள்: ஏற்காட்டில் ஒரு குளிர்கால ஒளிப்பாதை

மே மாதத்தில் ஏற்காடு கூட்டத்துக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. கோடை விழா, மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா எல்லாமே அந்த மாதத்தில்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அதே ஊருக்கு ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கிவிடும். ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி போடுகிறவர்கள் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டுக் கடையைக் கட்டத் தொடங்குவார்கள். வந்திருக்கிற கொஞ்சப் பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்ப்பார்கள். குளிருக்காகவே மலையேறி வந்தவர்கள், குளிர் உண்மையாகவே இறங்குகிற நேரத்தில் உள்ளே அடைந்துகொள்கிறார்கள்.

இதைக் கொஞ்சமாவது மாற்ற முடியுமா என்று பார்த்த ஒரு சிறிய முயற்சியைப் பற்றியது இந்த ஆய்வு. பொங்கலை ஒட்டிய சில நாட்கள், ஊருக்குள்ளிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு காபித் தோட்டத்தின் ஓரப் பாதையில், சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு, திறந்த வெளியில் மூன்று ஒளிப் படைப்புகளை வைத்தோம். இடமும் மின்சாரமும் தோட்டத்துக்காரர் கொடுத்தார். சேலத்தில் கோயில் பண்டிகைகளுக்கு சீரியல் செட் போடுகிற ஒரு மாஸ்டரும் அவருடைய பையன்களும் வேலையை எடுத்துச் செய்தார்கள். வடிவமைப்பும் மின்சாரக் கணக்கும் என் பொறுப்பு. டிக்கெட் கிடையாது. எது எடுபட்டது, எது எடுபடவில்லை, ஏன் என்பதை, வேறு மலை ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்படி விரிவாகச் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மலையில் ஒளிக்கலை செய்ய வேண்டிய சரக்கில் பெரும்பகுதி ஏற்கெனவே அங்கே இருக்கிறது: நல்ல இருட்டும் நல்ல பனியும். இவை இரண்டையும் கெடுக்காமல் எவ்வளவு விளக்கு வைக்க முடியுமோ, அவ்வளவு வைத்தால் போதும்.

விளக்கேற்றிக் குளிரைக் கடந்த ஊர்கள்

குளிர்காலத்தில் ஊரை விளக்கால் உயிர்ப்பிக்கிற பழக்கம் உலகத்தில் பல இடங்களில் உண்டு. இங்கிலாந்தின் பிளாக்பூல், கோடைக் கூட்டத்தை நம்பி வாழ்ந்த கடற்கரை ஊர். 1879-ல் அங்கே எட்டு ஆர்க் விளக்குகளைக் கடற்கரைச் சாலையில் எரியவிட்டார்கள். அதைப் பார்க்கவே பெருங்கூட்டம் திரண்டது. பிற்பாடு அது வருடா வருடம் நடக்கும் ஒளி அலங்காரமாக வளர்ந்து, கோடை முடிந்த பிறகும் ஊருக்கு ஆட்களை வரவழைத்தது. ஏற்காட்டின் தேவையும் ஏறக்குறைய அதுவேதான். ஜப்பானின் கோபே நகரில் காரணம் வேறு. 1995 ஜனவரியில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் நகரம் நொறுங்கியது. அந்த டிசம்பரிலேயே, இறந்தவர்கள் நினைவாகவும் இருப்பவர்களுக்குத் தெம்பாகவும் ஒளி வளைவுகளைத் தெரு முழுக்க நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கு எதிரே புரூஸ் மன்றோ என்ற கலைஞர் 2016-ல் 50,000 ஒளித்தண்டுகளைப் பாலைவன மணலில் நட்டார். அத்தனையும் ஆள் உயரத்துக்குக் கீழே, மங்கலாக எரிபவை. பாறையின் மேல் ஒரு விளக்கும் இல்லை.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது பிரான்சின் லியோன் கதை. 1852 டிசம்பர் 8-ம் தேதி அங்கே ஒரு குன்றின்மேல் மேரி மாதா சிலைக்கு விழா. பகலெல்லாம் மழையும் காற்றுமாக இருந்ததால் ஏற்பாடுகள் நடக்காது போலிருந்தது. சாயங்காலம் வானம் தெளிந்ததும், யாரும் சொல்லாமலே மக்கள் தங்கள் ஜன்னல் விளிம்புகளில் மெழுகுவத்திகளை ஏற்றி வரிசையாக வைத்தார்கள். இன்றைக்கு உலகப் புகழ் பெற்றிருக்கும் லியோன் ஒளித் திருவிழா அந்த ஜன்னல்களிலிருந்து வந்தது. கார்த்திகை தீபத்தன்று வாசல்படியிலும் திண்ணையிலும் அகல் ஏற்றுகிற நமக்கு இதைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அதோடு, விளக்கைக் கலையாகப் பார்க்கிற கண் சேலத்துக்குப் புதிதே இல்லை. ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி நடந்திருப்பவர்களுக்கும், சேலத்தின் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது தெரியும். சாமி வேடம் போட்டவர்கள் வண்டிமேல் நிற்க, பின்னால் சீரியல் பல்புகள் ஓடி ஓடிச் சக்கரம் சுற்றும். மூங்கில் சட்டத்தில் பல்ப் கோத்து மயிலைத் தோகை விரிக்க வைக்கிற கைகள் இங்கே இருக்கின்றன. வெளியிலிருந்து ஒளிக்கலைஞர்களைக் கூட்டிவருவதற்கு முன்னால் இவர்களுடைய ஷெட்டுக்குப் போக வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

மயில் போர்டு ஏன் மலையேறவில்லை

முதலில் மாஸ்டர் கொண்டுவருவதாகச் சொன்னது அந்த மயில் போர்டைத்தான். இருபதடி உயரம், நாலு கலர், ஓடுகிற லைட். சேலத்தில் அது நிற்கிற தெருவே தனி அழகாகிவிடும். ஆனால் பாதையைப் பார்ப்பதற்காக மலைக்கு வந்தவர், சாயங்காலம் பனி இறங்கியதும் கையில் இருந்த டார்ச்சை மேலே காட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தம்பி, இதுல போர்டு நிக்காது. பாலுக்குள்ள போட்ட மாதிரி கலங்கிப்போயிரும். மயிலு எது, தோகை எதுன்னு தெரியாது.”

அவர் கண்ணால் கண்டதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. பகல் வானம் நீலமாகத் தெரியக் காரணம், காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியவை, அவை நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன என்பது. பனித் துளி அப்படியில்லை. அதன் விட்டம் பத்து மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். அதனால்தான் மூடுபனி வெள்ளையாகத் தெரிகிறது. மஞ்சள் விளக்கு பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று நம் ஓட்டுநர்கள் நம்புவதில் அவ்வளவு உண்மை இல்லை; கண்ணைக் குறைவாகக் கூசச் செய்யும் என்பது வேண்டுமானால் சரி. நாலு நிறத்தில் ஆயிரம் பல்ப் எரிந்தால் அவற்றின் ஒளியெல்லாம் வழியிலேயே ஒன்றோடொன்று கலந்து ஒரு வெளுப்பாகத்தான் வந்து சேரும்.

ஆனால் இதே சிதறலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. தெளிந்த காற்றில் ஓர் ஒளிக்கற்றை பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பனியில் அந்தக் கற்றை முழு உருவமாகத் தெரியும். தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழே. சமவெளியிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று குளிர்ந்து மலைமேலேயே மேகமாகப் படிகிறது. ஆகவே பனிக்குப் பின்னால் படம் காட்டுவதை விட்டுவிட்டு, பனியின் உள்ளேயே ஒளியை வரைவது என்று தீர்மானித்தோம். மாஸ்டர் அன்றைக்கே மயிலை மறந்துவிட்டு, “அப்ப சின்னச் சின்னதா, கீழ வெச்சு அடிக்கணும்” என்றார். மொத்த வடிவமைப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

கூடையும் பஞ்சாரமும்

மூன்று படைப்புகளில் மிகவும் நன்றாக வந்தது இது. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அப்போதிலிருந்து குளிர்காலம் என்றால் இங்கே காபி அறுவடைக் காலம். நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கி, பறிப்பு ஜனவரி தாண்டியும் போகும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, கீழே காபிச் செடி. எங்கள் பாதை அப்படிப்பட்ட தோட்டத்தின் விளிம்பில்தான் போகிறது. பறிப்புக்குப் பயன்படும் மூங்கில் கூடையைக் கவிழ்த்து உள்ளே ஒரு விளக்கை வைத்தால், பின்னலின் இடுக்கு வழியாக ஒளி எல்லாத் திசையிலும் கம்பி கம்பியாக வெளியே போகும் என்பது என் யோசனை.

வைத்துப் பார்த்தபோது கம்பி வரவில்லை. கூடையைச் சுற்றி ஒரு மங்கலான மஞ்சள் புகை மட்டும் இருந்தது. காரணம் இரண்டு. ஒன்று, பறிப்புக் கூடை நெருக்கமான பின்னல். பழம் கீழே சிந்தக் கூடாது என்று முடைந்தது. இரண்டாவது, நாம் வீட்டில் போடுகிற எல்.இ.டி. பல்புக்கு மேலே பால் நிறத்தில் ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் முழுவதும் ஒளிர்வதால் ஒளி ஒரு புள்ளியிலிருந்து புறப்படுவதில்லை. ஒளி தரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் கலங்கும். சிறிதாக இருந்தால் கத்தி போல் நிற்கும். மாஸ்டரின் பையன்களில் ஒருவர் குமிழைக் கழற்றிவிட்டு, ஒற்றைச் சில்லு (சிப்) வைத்த 3 வாட் விளக்கைச் சின்ன அலுமினியத் தகட்டில் திருகி, தரையில் அடித்த முளையில் பொருத்தினார். இன்னொருவர், அடிவாரத்துப் பக்கம் கிராமத்துக்காரர், “கோழிப் பஞ்சாரம் வெச்சுப் பாருங்கண்ணா” என்றார்.

அங்கேதான் விஷயம் திறந்தது. கோழியையும் குஞ்சையும் மூடிவைக்கிற பஞ்சாரம் பிறப்பிலேயே கவிழ்த்து வைப்பதற்கென்று முடையப்பட்டது. இடைவெளி பெரிது, கோணம் ஒழுங்கானது. அதற்குள் ஒற்றைச் சில்லு விளக்கு எரிந்ததும், பனிக்குள் நாலா பக்கமும் ஒளித்தகடுகள் நீண்டன. ஒவ்வொரு மூங்கில் சிம்பின் நிழலும் காற்றிலேயே ஒரு கருப்புச் சுவராக நின்றது. பனி அசையும்போது அந்தச் சுவர்களும் மெதுவாக நகர்ந்தன. பக்கத்தில் ஒருவர் நடந்தால் அவருடைய நிழல் தரையில் விழவில்லை; அவருக்குப் பின்னால் காற்றில், அவரைவிடப் பல மடங்கு பெரிதாக எழுந்து நின்றது. குழந்தைகள் அதைக் கண்டுபிடித்த பிறகு பாதையில் யாரும் வரிசையாக நடக்கவில்லை. கையை ஆட்டுவதும், ஓடுவதும், ஒருவர் நிழலுக்குள் இன்னொருவர் புகுந்துகொள்வதுமாக இருந்தது. அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் கையை நீட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கடைசியில் பஞ்சாரமும் கூடையும் கலந்து 40 வைத்தோம். நெருக்கமான கூடைகளை ஒதுக்காமல், இரண்டு பஞ்சாரங்களுக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வாக வைத்தது மாஸ்டரின் ஏற்பாடு. விளக்கின் நிறம் 2,200 கெல்வின், அகல் சுடருக்குப் பக்கத்தில் வரும் மஞ்சள். எதுவும் இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை.

169 புள்ளி

இரண்டாவது படைப்பு காபி காயவைக்கும் களத்தில். மார்கழி முடிந்து தை பிறக்கிற நாட்கள் என்பதால் கோலம் என்று முடிவு செய்தோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளில் இருக்கும் பெண்களிடம் கேட்டபோது அவர்கள் தேர்ந்தெடுத்தது 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை. நடுவரிசையில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8-ல் முடியும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு சின்ன எல்.இ.டி., ஒன்றுக்கு 0.3 வாட். புள்ளிக்குப் புள்ளி 45 சென்டிமீட்டர் இடைவெளி விட்டதால் நடுவரிசை ஆறு மீட்டருக்குச் சற்று மேல் வந்தது.

களம் சும்மா கிடக்கிற இடமில்லை. அறுவடைக் காலத்தில் பகலெல்லாம் அங்கே காபி காயும். சாயங்காலம் அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். விளக்கைத் தரையில் பதித்துவிட்டுப் போக வழியில்லை. எனவே 15 வரிசையையும் 15 சரங்களாகக் கட்டி, தினமும் சாயங்காலம் விரித்து, இரவில் சுருட்டினோம். இது முதலில் தொந்தரவாகத் தெரிந்தது. ஆனால் அதுவே இந்தப் படைப்புக்கு உயிர் கொடுத்தது. சரம் விரித்ததும் ஓர் அம்மா கேட்டார்: “ஏங்க சார், புள்ளிய மட்டும் வெச்சுட்டா கோலமாயிடுமா? இழை யாரு போடறது?” கேட்டவரே மாவுக் கிண்ணத்தோடு வந்து, எரிகிற புள்ளிகளைச் சுற்றி இழை இழுத்தார். அடுத்த நாள் வேறொருவர், அதே புள்ளிகளில் வேறு கோலம். தரையோடு தரையாக எரியும் வெளிச்சத்தில் மாவு இழை மெல்லிசாக மேடுகட்டித் தெரிந்தது. பகலில் போடும் கோலத்தில் அந்த மேட்டைக் கவனிக்கவே மாட்டோம். பார்க்க வந்தவர்களில் பலர் விளக்கைவிட, இழை போடும் கையைத்தான் நின்று பார்த்தார்கள்.

நெருப்பில்லாத சொக்கப்பனை

மூன்றாவது பாதிதான் வெற்றி. கார்த்திகைக்குக் கோயில் வாசலில் பனை ஓலை சுற்றிக் கொளுத்துகிற சொக்கப்பனையை, தீயே இல்லாமல் ஒளியால் எழுப்புவது திட்டம். ஜனவரியில் தோட்டத்துத் தரை முழுக்கச் சில்வர் ஓக் சருகு. உண்மையான நெருப்பை நினைத்தும் பார்க்க முடியாது. நாலு மீட்டர் மூங்கில் கூண்டில் ஓலை வேய்ந்து, உள்ளே 100 வாட் அளவுக்கு மெதுவாக ஏறி இறங்கும் செம்மஞ்சள் விளக்குகள். பனி இருந்த இரவுகளில் கூண்டைவிட அதைச் சுற்றிய ஒளி பெரிதாக நின்றது. பனி இல்லாத இரவில் அது உள்ளே பல்ப் எரிகிற ஓலைத் தடுப்பு, அவ்வளவுதான். தவிர, மேல்வாய் திறந்திருந்ததால் ஒளி வானத்துக்குப் போனது. பாதையின் மற்ற இடங்களில் நாங்கள் காத்த இருட்டை இது ஒன்றே கெடுத்தது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒருவர் அடியில் கற்பூரமே ஏற்றிவிட்டார். காய்ந்த ஓலைக்கு ஒரு முழம் தள்ளித்தான் அந்தச் சுடர் எரிந்தது. யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாளே பத்தடி தள்ளி ஒரு கல்லைப் போட்டு, அதன்மேல் அகல் வைக்க இடம் செய்தோம். பக்கத்தில் இரண்டு வாளி மணல். பக்தியைத் தூண்டும் உருவத்தைப் பொது இடத்தில் வைத்தால், கும்பிடுவதற்கும் இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும்.

கம்பியில் தொலைந்த வோல்ட், பெட்டிக்குள் வந்த பனி

மனிதர் தொடும் உயரத்தில், ஈரத் தரையில் விளக்கு. ஆகவே ஓலைக் கூண்டுக்குள்ளும் பாதையிலும் 230 வோல்ட் வரக் கூடாது என்பது முதல் விதி. தாழ் மின்னழுத்தம் என்றதும் எல்லோரும் 12 வோல்ட் அடாப்டரைத்தான் எடுப்பார்கள். கணக்குப் போட்டால் அது இங்கே உதவாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை. 50 மீட்டர் தள்ளி 36 வாட் எரிய வேண்டும் என்று வையுங்கள். போக வர 100 மீட்டர் கம்பி, 1.2 ஓம். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓடும், 3.6 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். கடைசி விளக்குக்குச் சேர வேண்டியதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி. அதையே 24 வோல்ட்டில் கொடுத்தால் 1.5 ஆம்பியர்தான் ஓடும், இழப்பு 1.8 வோல்ட், நூற்றுக்கு ஏழரை. பாதை முழுவதையும் 24 வோல்ட்டில் செய்தோம். மாஸ்டரின் சரக்கில் பாதி 12 வோல்ட்டுக்கானது என்பதால் இரண்டிரண்டாகத் தொடரில் கோத்துக்கொண்டார்.

பெரிய தலைவலி பனியால் வந்தது. வாங்கிய ஜங்ஷன் பாக்ஸ்கள் ஐ.பி. 65 தரம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் உள்ளே போகாது. மழைக்கு அவை தாங்கும். ஆனால் விளக்கு எரியும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடாகி விரியும். இரவில் அணைத்ததும் குளிர்ந்து சுருங்கும். அப்போது கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் மயிரிழை இடுக்கு வழியாக வெளியே இருக்கிற ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். விடியற்காலையில் அது பெட்டிச் சுவரில் துளியாகப் படியும். பகலில் அது வெளியேற வழியில்லை. இரண்டு இரவு போனால் பெட்டிக்குள் ஒரு ஸ்பூன் தண்ணீர் நிற்கிறது. அடாப்டர்கள் இருந்த பெட்டி அப்படி நனைந்ததும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி வைத்திருந்தோம். அது தன் வேலையைச் செய்தது.

கூட்டம் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் விளக்கு அணைந்தால், பண்டிகை வேலையில் பழகிய கை முதலில் போவது ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாகக் கொடுப்பதற்குத்தான். ஒரு பையன் ஸ்குரூ டிரைவரை எடுத்தும்விட்டார். மாஸ்டர் ஒரே அதட்டலில் நிறுத்தினார். தன் தொழிலில் ஆட்களை இழந்தவர் அவர். அதற்குமேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குப் பாதையின் பாதியை இருட்டாகவே விட்டோம். மறுநாள் பெட்டிகளைத் திருப்பி, கேபிள் வாய் கீழ்ப்பக்கம் பார்க்க வைத்து, அடியில் பொடித் துளை போட்டோம். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கலாக இறங்கி ஏறும்படி கட்டினோம், வயரோடு வழியும் நீர் தொங்கலிலேயே சொட்டிவிடும். முழுக்க அடைப்பதைவிட, வந்த நீர் வெளியேற வழிவிடுவதுதான் மலைக்குச் சரி. அதன்பிறகு ஆர்.சி.சி.பி. விழவில்லை.

மின்செலவைப் பற்றி ஒரு வரி. கூடைகள் 120 வாட், கோலம் 51, சொக்கப்பனை 100. மொத்தம் 271 வாட். தினம் மூன்று மணி நேரம் எரிந்தால் அடாப்டர் இழப்பையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் அரைமணி நேரத்தில் தின்கிற மின்சாரம் அது. விழா மேடைக்கு வைக்கும் ஒரே ஒரு 400 வாட் ஃபோகஸ் லைட் எங்கள் மொத்தப் பாதையையும்விட அதிகம் இழுக்கும்.

அந்த இருட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள்

சேர்வராயன் மலையில் காட்டுமாடுகள் உண்டு. பொழுது சாய்ந்தால் தோட்டத்து ஓரங்களில் மேய வரும். அவற்றின் வழியை மறித்து விளக்கு வைக்கக் கூடாது என்பதால், தோட்டத்தில் வேலை செய்யும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து, அவர் காட்டிய இரண்டு இடங்களைக் காலியாக விட்டோம். பூச்சிகளுக்கு நீலமும் புற ஊதாவும்தான் பெரிய ஈர்ப்பு. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீலச் சில்லு. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் அதை வெள்ளையாக்குகிறது. எனவே வெள்ளை ஒளி வெளுக்க வெளுக்க அந்துப்பூச்சிக்கு ஆபத்து கூடும். 2,200 கெல்வினைத் தேர்ந்ததில் அழகைவிட இந்தக் காரணமே எனக்குப் பெரிதாக இருந்தது. மரங்களில் சரம் சுற்றவே இல்லை. சுற்றுலா ஊர்களில் மரத்தை அடியிலிருந்து நுனிவரை பச்சை விளக்கால் கட்டிவைக்கும் பழக்கம் எனக்கு உறுத்துகிறது. அங்கே பறவைகள் தூங்க வேண்டும்.

லயன் வீட்டுக்காரர்களும் தூங்க வேண்டும். விடியும் முன்பே எழுந்து சமைத்துவிட்டுப் பழம் பறிக்கப் போகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய ஜன்னலிலிருந்து பார்த்து, கண்ணில் அடித்த ஒவ்வொரு கூடையையும் நகர்த்தினோம். இரவு ஒன்பதுக்கு டைமர் எல்லாவற்றையும் அணைத்துவிடும். பொங்கல் அன்று கூட்டம் நிறைய இருந்தபோதும் அதை நீட்டிக்கவில்லை.

தாழ்ந்த விளக்குகளால் வேறொரு லாபமும் கிடைத்தது. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பாதையை மெதுவாக நடந்து முடிப்பதற்குள் பெரும்பாலானவர்களுக்கு அது பழகிவிடுகிறது. பனி இல்லாத இரவுகளில், கடைசிக் கூடையைத் தாண்டியதும் மேலே பார்த்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் பிள்ளைகளுக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஏற்பாடு செய்யாத காட்சி அது.

ஊருக்கு என்ன ஆனது

வழக்கமாக ஏழு மணிக்கு மூடும் டீக்கடையும் பஜ்ஜிக் கடைகளும் அந்த நாட்களில் ஒன்பதுவரை திறந்திருந்தன. சுக்குக் காபி நன்றாகப் போனது. அறைகளில் இருந்தவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது, உள்ளூர்க்காரர்கள் வந்தது. இதுவரை ஏற்காட்டில் நடக்கும் விழா என்றால் அவர்களுக்கு வியாபாரம் அல்லது நெரிசல், இரண்டில் ஒன்று. இங்கே கோலம் போட்டவர்களின் பிள்ளைகள், “அது எங்கம்மா போட்டது” என்று வந்தவர்களுக்குக் காட்டினார்கள்.

கெடுத்தது வண்டிகள். பாதையின் முனையில் சாலை வளைகிறது. அந்த வளைவில் திரும்பும் ஒவ்வொரு காரின் முகப்பு விளக்கும் பனியில் வெள்ளைச் சுவர் எழுப்பி, எங்கள் கூடைகளை அப்படியே அழித்துவிட்டது. கண் மறுபடி பழகுவதற்குள் அடுத்த கார். வளைவிலேயே வண்டியை நிறுத்துகிறவர்களையும் சமாளிக்க முடியவில்லை. போலீஸ்காரர் ஒருவர் இல்லாமல் இதை இன்னும் பெரிதாகச் செய்யவே கூடாது. மலைப்பாதையில் இரவில் இறங்குவது விளையாட்டில்லை. அடுத்த முறை வண்டிகளை ஏரிப் பக்கமே நிறுத்திவிட்டு, அங்கிருந்து நடந்து வரச் செய்ய வேண்டும். நடக்கும் அந்தத் தூரமும் இருட்டுக்குக் கண்ணைத் தயார் செய்யும்.

சொக்கப்பனையை ஒன்றரை மீட்டராகக் குறைத்து, மேல்வாயை ஓலையால் மூடுவதென்று மாஸ்டரோடு பேசி வைத்திருக்கிறேன். சாலைப் பக்கம் ஓலைத் தட்டி கட்டி முகப்பு விளக்குகளை மறைக்க வேண்டும். கோலத்துக்கு இன்னொரு 15 சரம் இருந்தால் இரண்டு பேர் எதிரெதிரே போடலாம் என்று லயன் வீட்டுப் பெண்களே கேட்டிருக்கிறார்கள். சரங்களும் 24 வோல்ட் அடாப்டர்களும் இப்போது மாஸ்டரின் ஷெட்டில் இருக்கின்றன. ஆடிப் பண்டிகை வேலைக்கு அவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பஞ்சாரங்களை லயன் வீட்டுக்காரர்கள் கோழிக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடத்துக்குப் புதிதாக முடையச் சொல்ல வேண்டும். இந்தமுறை இடைவெளியை இன்னும் ஒரு விரல் கூட்டி.